கொக்கும் தேவாங்கும் ஒரே ஃபோட்டோவில்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
7 மார்ச் 2006

திரு. தில்லைநாதன் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீங்கள் செய்யும் போன் எதையும் நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கப் போவதில்லை. அதற்கு முன்பு பேசியபோதெல்லாம், நீங்கள் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தது எனக்கு இங்கே கேட்டது. நீங்களாகப் பேசுவதற்கு ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

நடந்ததை நானே ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன். அப்போதுதான் பிறகு "நான் அப்பிடி நெனைக்கல" என்று நீங்கள் நழுவ முடியாது. ஞாயிற்றுக்கிழமை நமக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றினார்கள், மோதிரம் போட்டோம், எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. நம் இருவரையும் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுக்கும்போதுதான் வந்தது வினை. நான் உங்களைவிட ஒரு சாண் உயரம் இருப்பேன். பெண் பார்க்க வந்த அன்றே உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். மறைத்து வைக்க இது என்ன, காலில் இருக்கிற மச்சமா?

ஃபோட்டோகிராஃபர் ஒரு மணைப்பலகையைக் கொண்டுவரச் சொல்லி, "சார், இது மேல ஏறிக்குங்க" என்றார். நீங்கள் ஏறினீர்கள். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது போதாது என்று உங்கள் அம்மா என் தோளை அழுத்தி, "கொஞ்சம் முட்டிய மடிச்சிக்கம்மா, பொடவைக்குள்ள தெரியாது" என்றார்கள். உங்கள் தாய்மாமா உத்திராபதி, "கொக்கும் தேவாங்கும் ஜோடி சேந்தாப்ல இருக்குது" என்றார். கூடமே சிரித்தது. பலகை மேல் நின்றுகொண்டு நீங்களும் சிரித்தீர்கள்.

நான் முட்டியை மடக்கவில்லை. படத்தை விட்டு வெளியே நடந்தேன். அதைத்தான் உங்கள் வீட்டில் "திமிரு ஜாஸ்தி" என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. ஆமாம், ஜாஸ்திதான். நெட்டுக்கு மேலே என் கை போனதால்தான் வாலிபால் கோட்டாவில் காலேஜில் இடம் கிடைத்தது, நெல்லிக்குப்பத்தில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்தது. தினமும் காலையில் பிள்ளைகளைப் பார்த்து "நிமிந்து நில்லு" என்று கத்துகிறவள் நான். என்னால் கூன் போட்டுக்கொண்டு கல்யாணம் செய்துகொள்ள முடியாது.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். வைகாசியில் கல்யாணம். ரிசப்ஷன் மேடையில் என் பக்கத்தில் தரையில் நிற்பீர்களா, பலகை மேல் நிற்பீர்களா? தரை என்றால் கல்யாணம் நடக்கட்டும். பலகை என்றால் மோதிரத்தைக் கூரியரில் அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ப. மலர்க்கொடி

*

வடக்கு வீதி, சிதம்பரம்
11 மார்ச் 2006

அன்புள்ள மலர்,

உன் கடிதம் பள்ளிக்கூட முகவரிக்கு வந்தது நல்லதாய்ப் போயிற்று. வீட்டுக்கு வந்திருந்தால் அம்மா பிரித்திருப்பார். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவைக்குத் தைரியம் வரவில்லை.

மாமா சொன்னதை நீ அவமானமாக எடுத்துக்கொண்டாய். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. விலங்கியல் நடத்துகிறவன் நான். இந்த வேலைக்கு வருவதற்கு முன் திண்டுக்கல் பக்கம் அய்யலூர் காட்டில் தேவாங்குக் கணக்கெடுப்புக்காகச் சுற்றியவன். யாராவது கொக்கையும் தேவாங்கையும் சேர்த்துச் சொன்னால், அது சரிதானா என்று பார்க்கத்தான் என் புத்தி முதலில் ஓடுகிறது. கோபம் அதற்கப்புறம்தான் வருகிறது, சில சமயம் வராமலே போய்விடுகிறது.

யோசித்துப் பார்த்தால் மாமா தன்னை அறியாமல் ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஒன்று தண்ணீரில் நின்று பிழைப்பது, மற்றது மரத்தை விட்டு இறங்க யோசிப்பது. ஒன்று பறவை, மற்றது குரங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம், அந்த வழியில் நமக்கும் சொந்தம். ஆனால் இரண்டும் பிழைக்கிற விதம் ஒன்றுதான். அசையாமல் இருக்கும், இரை கிட்டே வந்ததும் ஒரே பிடி. இரண்டுக்கும் கால் குச்சி குச்சியாக இருக்கும். இரண்டையும் நம் ஆட்கள் நிம்மதியாக இருக்க விட்டதில்லை. கொக்கை அடித்துக் குழம்பு வைக்கிறார்கள், தேவாங்கைப் பிடித்து மந்திரம் மாயம் என்று கொடுமை செய்கிறார்கள்.

வித்தியாசமும் நிறைய உண்டு. கொக்குக்குப் பின்பக்கமாக மடங்குகிறதே, அது முழங்கால் இல்லை, கணுக்கால். நிஜமான முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கும். தேவாங்கு தன் சிறுநீரையே உள்ளங்கையிலும் பாதத்திலும் தேய்த்துக்கொள்ளும். ஏன் என்பதில் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை.

எங்கேயோ போய்விட்டேன். சொல்ல வந்தது இதுதான். தேவாங்கால் தாவ முடியாது. அடுத்த கிளையில் கை நன்றாகப் பிடித்த பிறகுதான் பழைய கிளையை விடும். எத்தனை அவசரம் என்றாலும் அப்படித்தான். அப்பா போன பிறகு அம்மாவும் மாமாவும்தான் என்னைப் படிக்க வைத்து ஆளாக்கினார்கள். அந்தக் கிளையை ஒரே நாளில் விட்டுவிடு என்றால் எனக்கு முடியாது. கொஞ்சம் டைம் கொடு. பலகை என்பது ஒரு நிமிட வேலை. படம் எடுத்ததும் இறங்கிவிடப் போகிறேன். அதற்காக ஒரு கல்யாணத்தை நிறுத்த வேண்டுமா?

அன்புடன்,
தில்லைநாதன்

*

திருப்பாதிரிப்புலியூர்
15 மார்ச் 2006

தில்லைநாதன் சாருக்கு,

கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு எழுதும் கடிதத்தில் மூத்திரத்தைப் பற்றி எழுதிய முதல் மாப்பிள்ளை நீங்களாகத்தான் இருப்பீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன் என்பது உண்மை. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று கணக்குப் போடாதீர்கள்.

நான் கேட்டது தரையா, பலகையா. நீங்கள் அனுப்பியிருப்பது தேவாங்கு பற்றி ஒரு பாடம். அந்தப் பாடத்தின்படியே பார்த்தாலும் உங்களுக்குத்தான் மார்க் குறைகிறது. நன்றாகப் பிடித்துப் பார்க்காமல் தேவாங்கு அடுத்த கிளைக்குப் போகாது அல்லவா? நீங்கள் பலகையைக் காட்டியதுமே ஏறிவிட்டீர்களே.

நேற்று ஸ்கூல் விட்டு வரும்போது நெல்லிக்குப்பத்துக்கு வெளியே கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு பஸ் நின்றுவிட்டது. ரோட்டோர வாய்க்காலில் சாம்பல் நிற நாரை ஒன்று நின்றது. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளைக் கொக்குகள். உங்கள் புண்ணியத்தில் இதையெல்லாம் நானும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அந்தச் சின்னதுகளுக்குப் பக்கத்தில் நிற்கிறோமே என்று நாரை ஒரு விரற்கடை கூடக் குனியவில்லை. மீனுக்காகக் குனிந்தது, கிடைத்ததும் நிமிர்ந்துவிட்டது. வேலைக்காகக் குனிவது வேறு, கூச்சத்துக்காகக் குனிவது வேறு. அதன் முழங்கால் இறகுக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல இடம். உங்கள் அம்மாவின் கைக்கு எட்டாது.

ஒரு நிமிட வேலை என்கிறீர்கள். அந்தப் படம் உங்கள் வீட்டுக் கூடத்தில் நாம் சாகிற வரைக்கும் தொங்கும். வருகிறவர்கள் எல்லாம் பார்த்து, "ரெண்டு பேரும் ஒரே ஒசரமா இருக்காங்களே" என்பார்கள். நான் பக்கத்தில் காப்பித் தட்டோடு நின்று, ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். நாளைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து என்னை மாதிரியே வளர்ந்தால், அவளிடமும் முட்டியை மடக்கச் சொல்வீர்களா?

உங்களுக்கு டைம் தருகிறேன். ஆனால் உங்கள் பாடத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கொக்குக்குப் பறக்கத் தெரியும்.

மலர்க்கொடி

*

சிதம்பரம்
22 மார்ச் 2006

மலர்க்கொடி டீச்சர் அவர்களுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத பேனாவை எடுத்திருந்தேன். ஒரே வார்த்தைதான் எழுதுவதாக இருந்தேன்: தரை. அந்த நேரத்தில் உன் அப்பா வந்தார்.

பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அம்மாவிடம் நலம் விசாரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். உள்ளே பளபளவென்று கறுப்பு ஷூ. பாண்டிச்சேரியில் சொல்லிச் செய்ததாம். வெளியே பார்த்தால் சாதாரண ஷூ. உள்ளே குதிகாலுக்கு அடியில் கட்டை. "கோட்டு சூட்டுக்கு இதப் போட்டுக்குங்க மாப்ள, ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "சம்பந்திக்கு எவ்ளோ அக்கற பாருடா" என்கிறார். என்னைப் போட்டு நடக்கச் சொன்னார்கள். கூடத்தில் இரண்டு பேருக்கும் நடந்து காட்டினேன்.

எங்கள் வீட்டுப் பலகைக்கு அத்தனை கோபப்பட்டாயே, உங்கள் வீட்டுக் கட்டைக்கு என்ன சொல்லப் போகிறாய்? எங்கள் பலகையாவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. உன் அப்பா கொடுத்ததைக் காலுக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டு நான் நாள் முழுக்க நிற்க வேண்டும். உனக்குத் தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துதான் என்றால் மோதிரத்தை நீ அனுப்ப வேண்டாம், நானே அனுப்பிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பலகை மேல் நின்று நான் சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். உன்னை அவர்கள் பேசியது ஒரு நாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து பேசுகிறார்கள். பி.டி. பீரியடில் வரிசையில் முதல் ஆள் நான்தான். பெண் பார்க்கப் போன வீடுகளில் "பையன் வரலையா" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கிண்டல் செய்கிறவனோடு சேர்ந்து நாமும் சிரித்துவிட்டால் அவன் சீக்கிரம் ஓய்ந்துவிடுவான். அப்படித்தான் நான் இத்தனை வருடம் ஓட்டினேன். நீ படத்தை விட்டு வெளியே நடந்தபோது, இப்படியும் செய்யலாமா என்று ஆச்சரியமாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் மேல் ஆசை வந்ததே அந்த நிமிடம்தான். அதையும் கேட்டுக்கொள்.

நான் குள்ளம். யாருக்கும் தெரியாமல் உயரமாவதில் எனக்கு இஷ்டமில்லை. ஷூவை நாளைக்கே உன் வீட்டுக்குப் பார்சல் செய்கிறேன்.

தில்லைநாதன்

*

கடலூர்
26 மார்ச் 2006

தில்லைநாதனுக்கு,

சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பெட்டி கடலூர் எல்லையைத் தாண்டியிருக்காது.

பார்சல் வந்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலைக்கு எதிரே பெட்டியை வைத்து, இது என்ன என்று கேட்டேன். கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்தார். அப்புறம் சொன்னார்: "ஒனக்கு முப்பது ஆவப்போவுது. எத்தினி பேரு வந்து ஒசரத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போனானுங்க. இந்தப் பையன் ஒருத்தன்தான் ஒக்காந்து ஒங்கிட்ட பேசிட்டுப் போனான். இதுவும் போயிடுச்சின்னா நான் என்னாடி பண்ணுவன்?" சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் சொன்னேன், "போனா போவட்டும்ப்பா. நான் ஒசரமாவே வீட்ல இருந்துக்கறேன்" என்று. அதற்கப்புறம் அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

உங்களை ஒன்று கேட்க வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் "பையன் வரலையா" என்று கேட்டவர்கள் யார்? முகவரி இருந்தால் அனுப்புங்கள். எங்கள் ஸ்கூல் வாலிபால் டீமை அழைத்துக்கொண்டு ஒருநாள் போய்விட்டு வருகிறேன்.

நேற்று கடைத்தெருவுக்குப் போய் எனக்கு ஒரு ஜோடி ஹீல்ஸ் வாங்கினேன். பிறந்ததிலிருந்து நான் ஹீல்ஸ் போட்டதே இல்லை. வீட்டில் விட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்காம்மா?" என்றார். எனக்குத்தான் என்றேன். ரிசப்ஷனுக்கு அதைப் போட்டுக்கொள்ளப் போகிறேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் சொல்லுங்கள். சம்மதமில்லை என்றாலும் சொல்லுங்கள், ஆனால் போடுவேன்.

நீங்கள் எழுத இருந்த அந்த ஒரே வார்த்தையைப் படித்தேன். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருந்தாலும் கண்ணில் பட்டுவிட்டது. நானும் பலகையைப் பார்த்தேனே தவிர உங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. அதை மூத்திரம் அது இது என்று சுற்றி வளைக்காமல் நேராகவே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கொக்கு

*

சிதம்பரம்
14 மே 2006

அன்புள்ள கொக்குக்கு,

போன மாதம் நாம் படம் எடுத்துக்கொள்ள ஸ்டூடியோவில் சந்தித்த அன்றே ஹீல்ஸுக்குச் சம்மதம் என்று நேரில் சொன்னேன். இப்போது எழுத்திலும் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

தேர்தல் டியூட்டி முடிந்து வந்ததும் நாம் எடுத்துக்கொண்ட படத்தை வாங்கி வந்தேன். தலையிலிருந்து பாதம் வரை, வெறும் தரையில், இரண்டு பேரும் நிமிர்ந்து. நீ ஹீல்ஸோடு நிற்கிறாய், என் தலை உன் தோளைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. நேராகக் கூடத்துக்குப் போய் அம்மா கையில் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். "ஊர் சிரிக்கும்டா" என்றார். "சிரிச்சா நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்மா. நீ எம் பக்கத்துல நில்லு, அது போதும்" என்றேன். அம்மாவிடம் இப்படி நான் பேசியதே இல்லை. ஆனால் பேசிவிட்டேன்.

அன்று சாயந்தரமே மாமா வந்துவிட்டார். ரிசப்ஷனில் என் பக்கம் மட்டும் மேடையை உயர்த்திப் போட வேண்டும், இல்லாவிட்டால் தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்கட்டும் என்றார். தாய்மாமன் இல்லாமல் மாலை யார் எடுத்துக்கொடுப்பது என்று அம்மா அழுதார். நான் கத்தவில்லை. "நீங்க வந்தா சந்தோஷம் மாமா. வரலன்னா ஒங்க நாற்காலிய காலியா போட்டு வைப்போம். மேடை சமமாத்தான் இருக்கும்" என்றேன். செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் எழுந்து போனார். என்னை ஆளாக்கிய மனிதர் அப்படிப் போனதில் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் என் கை அடுத்த கிளையைப் பிடித்துவிட்டது. இனி பழையதை அவர்களாக உடைத்தாலும் நான் விழ மாட்டேன்.

இப்போது என் யோசனை. கல்யாணத்தன்று வருகிறவர்கள் மேடையைப் பார்த்துவிட்டுக் காதோடு காதாகப் பேசப் போகிறார்கள். அதற்கு வேலை வைக்காமல், மண்டப வாசலிலேயே நம் படத்தைப் பெரிய பேனராகக் கட்டிவிடலாம். பார்க்கிறவர்கள் வெளியிலேயே பார்த்து, பேசி, சிரித்து முடித்துவிட்டு உள்ளே வந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும். தேர்தல் முடிந்ததில் பேனர் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார், இரண்டே நாளில் தருகிறேன் என்கிறார். அதில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். "கொக்கும் தேவாங்கும் உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். அப்படியேதான் என்றேன்.

உனக்குச் சரியா? உன் அப்பாவுக்கும் சரியா? அவர் மனம் நோகாமல் நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
தேவாங்கு

*

கடலூர்
31 மே 2006

அன்புள்ள தேவாங்குக்கு,

பேனர் வந்தது, கட்டியாயிற்று. மண்டப வாசலில் இரண்டு சவுக்குக் கம்பத்துக்கு நடுவில், பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கூடத் தெரிகிற மாதிரி. அப்பா முதலில் அந்தப் பக்கமே போகவில்லை. நேற்று சமையல்காரரைப் பார்க்கப் போன சாக்கில் போய்ப் பார்த்திருக்கிறார். எதிர் டீக்கடையில் யாரோ, "பொண்ணுதான் ஒசரம் போலருக்குது" என்று சொல்ல, இவர் திரும்பி, "ஆமா, எம் பொண்ணுதான். அதுக்கு என்னா இப்ப?" என்றிருக்கிறார். டீக்கடைக்காரர் வந்து சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம், "சாப்ட்டியா" என்று கேட்டார். இத்தனை நாளைக்கு அப்புறம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இன்று காலையில் இன்னொரு ஆளும் வந்து பார்த்திருக்கிறார். உத்திராபதி மாமா. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி, யாருக்கும் சொல்லாமல். நிச்சயதார்த்தத்துக்குச் சமைத்த சமையல்காரர் அடையாளம் கண்டு அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா பயந்துகொண்டே போனார். மாமா பேனரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல எம் பேரு எங்க? தாய்மாமன் பேரு இல்லாம இன்னா பேனரு இது?" என்று சண்டைக்கு வந்துவிட்டாராம். உயரத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. கொக்கு, தேவாங்கு என்பதும் அவர் கண்ணில் படவில்லை, அல்லது படாத மாதிரி நின்றார்.

அவர் பேரைப் போட இடம் இருக்கிறது. என் தலைக்கு மேலே ஒரு அங்குலம் கூட இல்லை, ஆனால் உங்கள் தலைக்கு மேலே நிறைய இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கேயே பெரிய எழுத்தில் போட்டுவிட ஏற்பாடு செய்துவிட்டேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

அவர் வருவாரா, உங்கள் அம்மா மேடையில் என் பக்கத்தில் முகம் கொடுத்து நிற்பாரா, எனக்குத் தெரியாது. அவர்கள் விருப்பம். நாம் நிற்பது மாறப் போவதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து தடுமாற வேண்டாம். தாலி கட்டும்போது தலையைக் குனியச் சொல்லிப் பக்கத்தில் நாலு பேர் அவசரப்படுத்துவார்கள். நான் குனிய மாட்டேன். உட்கார்ந்தபடி உங்கள் கைக்கு எட்டவில்லை என்றால் எழுந்து நின்று கட்டுங்கள். நான் உட்கார்ந்தே இருக்கிறேன். அந்த ஒரு நிமிடம் நீங்கள்தான் உயரம், நான்தான் அண்ணாந்து பார்ப்பேன். கட்டி முடித்ததும் எழுந்து உங்கள் பக்கத்தில் நிற்பேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

கொக்கு